பஞ்சுபோல் ஒரு சிலுவை

தலைவருக்கு ஒரு சிலுவை வேண்டியிருந்தது. பார்த்தால் மலைபோல இருக்க வேண்டும். தூக்கினால் பஞ்சுபோல இருக்க வேண்டும்.

"அப்படி ஒரு மரம் இன்னும் முளைக்கலையே, ஐயா," என்றார் சுருளின் அம்மா, உளியைக் கீழே வைத்துவிட்டு.

அம்மா தச்சர். அந்தத் தெருவிலேயே ஆடாத நாற்காலி செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். புதிய ஆலயத்தின் சுவரில் பொருத்துவதற்கு ஒரு சிலுவையை ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். இரண்டு ஆள் உயரம். கனத்த உத்தரக் கட்டைகளில் பாதிப் பாதி பள்ளம் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று உட்கார வைத்து முடுக்கியது. யானை வந்து மோதினால் யானைக்குத்தான் வலிக்கும்.

அதுதான் இப்போது தலைவருக்குத் தலைவலி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையிலிருந்து ஆலயம்வரை சிலுவையை ஊர்வலமாகக் கொண்டுபோக வேண்டும். அவர் ஆலயக் கட்டடக் குழுவின் தலைவர். "நானே என் தோளில் சுமப்பேன்!" என்று கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கிய பிறகுதான் பட்டறைக்கு வந்து சிலுவையைத் தூக்கிப் பார்த்தார். சிலுவை அசையவில்லை. அவருடைய இடுப்புதான் அசைந்தது.

"அதனால இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சிடுங்க," என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "வெறும் ஒட்டுப்பலகை போதும். மேலே மரம் மாதிரி சாயம் அடிச்சிடுங்க. நான் அதைச் சுமந்துட்டு முன்னாடி போறேன். நிஜத்தை ஒரு துணியால மூடித் தள்ளுவண்டியில பின்னாடி கொண்டுவாங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடலாம்."

"உள்ளே வெறும் காத்துதான் இருக்கும், ஐயா."

"நல்லதுதானே? காத்துக்கு ஏது கனம்?"

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார். அன்று முழுவதும் ரம்பத்தை மட்டும் வழக்கத்தைவிட வேகமாக இழுத்தார்.

பட்டறை மூலையில் வளைந்த ஆணிகளை நிமிர்த்திக்கொண்டிருந்த சுருள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுருள் அம்மாவின் ஒரே மகள். இழைப்புளியிலிருந்து விழும் மரச்சுருளைப் போலவே தலைமுடி. அதனால்தான் அந்தப் பெயர்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்றார் அம்மா.

"விடமாட்டேம்மா. ஆனா இது ஏமாத்து வேலைதானே?"

அம்மா மறுபடி ரம்பத்தை எடுத்தார். ரம்பம் இன்னும் வேகமாக ஓடியது.

அடுத்த கடை சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. அந்தக் கடைக்காரரின் மகளும் சுருளும் ஒரே வகுப்பு. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் பள்ளிக்கூடமே அவளைத் துருவி என்றுதான் கூப்பிடும். கணக்கு டீச்சர்கூட அவள் கையைத் தூக்கினால் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார்.

துருவியின் வீட்டில் கும்பிடும் சாமி வேறு. அதனால் பட்டறையில் சாத்தியிருந்த பெரிய சிலுவையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏய் சுருள், உங்க இயேசுவை இதுலதானே கொன்னாங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இதையே சுவத்துல மாட்டுறீங்க? கழுத்துல வேற போட்டுக்கிறீங்க! எங்க பெரியப்பா லாரி இடிச்சுத்தான் செத்துப்போனார். நாங்க லாரி பொம்மையைக் கழுத்துல மாட்டிக்கிட்டா திரியறோம்?"

சுருள் சிலுவையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் எங்க மேல வெச்ச அன்பால செத்தார். மூணாம் நாள் எழுந்துட்டார்," என்றாள்.

"அது எனக்கும் தெரியும். நீதான் நூறு தடவை சொல்லியிருக்கியே. ஏன் இந்த மரம்? அதைச் சொல்லு."

சுருளுக்குக் காது சூடானது. சிரிக்கத்தான் கேட்கிறாளோ என்று பார்த்தாள். இல்லை, உண்மையாகத்தான் கேட்கிறாள். அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துக்கு வா. பார்த்தா உனக்கே புரியும்," என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துருவி வந்து எதைப் பார்க்கப் போகிறாள்? சாயம் அடித்த காற்றை! அது தெரிந்தால், "உங்க சிலுவையே பொய்தானா?" என்று கேட்டுவிடுவாளே. நட்பே போய்விடும் என்று சுருள் பயப்படவில்லை. தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தன் தோழி ஒரு வேடிக்கையாக நினைத்துவிடுவாளே என்றுதான் பயந்தாள்.

சனிக்கிழமை தலைவர் ஒத்திகைக்கு வந்தார்.

ஒட்டுப்பலகைச் சிலுவை அச்சு அசலாக இருந்தது. அம்மா அதில் மரத்தின் கணுக்களில் தெரியும் வட்டக் கண்களைக்கூட வரைந்திருந்தார். தலைவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு, பழுதுபார்க்க வந்த அலமாரியின் கண்ணாடி முன் நின்றார். புருவத்தைச் சுருக்கினார். உதட்டைக் கடித்தார். "ம்ம்ம்... ஹா!" என்று முக்கினார்.

"முகம் எப்படி இருக்கு, பாப்பா?"

"பல்வலி மாதிரி இருக்கு, ஐயா."

தலைவர் புருவத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். "இப்போ?"

"பல்லைப் பிடுங்கின மாதிரி இருக்கு."

அம்மா திரும்பி நின்றுகொண்டு எதையோ தேடினார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

சுருள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயா, இயேசுவைக் கொன்ன மரத்தையே நாம ஏன் அடையாளமா வெச்சிருக்கோம்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். மேடையில் பேசும் குரல் வந்தது. "நல்ல கேள்வி. மிக நல்ல கேள்வி. சிலுவை என்பது ஒரு மாபெரும்... அதாவது, ஆழ்ந்து நோக்குமிடத்து, சிலுவை என்பது சிலுவையாகும்!" பிறகு அம்மாவிடம் திரும்பி, "என் கோட்டுத் தோள்ல ஒரு சின்ன மெத்தை வெச்சுத் தைக்கலாமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெரு நிறைய ஆட்கள். பாடல் பாடிக்கொண்டு சிறுவர்கள் ஒரு வரிசை. அவர்களுக்கு முன்னால் தலைவர், கோட்டுக்குள் மெத்தை, தோளில் சிலுவை. "ம்ம்ம்... ஹா!" என்று அடிக்கு ஒரு முக்கல். பத்தடிக்கு ஒருமுறை நின்று நெற்றியைத் துடைத்தார். வேர்க்கவில்லை. ஆனாலும் துடைத்தார்.

"பாவம், இந்த வயசுல ஒத்தை ஆளா தூக்குறாரே!" என்றார் ரொட்டிக் கடைக்காரர். அதைக் கேட்டதும் முக்கல் இன்னும் பலமானது.

கடைசியில் அம்மாவும் சுருளும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துருவி பக்கத்திலேயே நடந்தாள்.

"வண்டியில என்ன?"

"மரம்."

"என்ன மரம்?"

"நீ முன்னாடி பாரேன்," என்றாள் சுருள்.

துருவி முன்னால் பார்த்தாள். சரியாக அந்த நேரத்தில்தான் ஊர்வலம் ஆலயப் படிகளுக்கு முன்னாலிருந்த கடைசித் திருப்பத்துக்கு வந்தது. அங்கே இரண்டு உயரமான கட்டடங்கள். நடுவில் ஒரு சந்து. எந்நேரமும் காற்று அந்தச் சந்தில் காத்துக்கொண்டிருக்கும், தொப்பி போட்டவர் யாராவது வருகிறாரா என்று.

இன்று தொப்பியைவிட நல்லதாக ஒன்று வந்தது.

காற்று சிலுவையின் ஒரு கையைப் பிடித்து இழுத்தது. தலைவர் ஒரு சுற்றுச் சுற்றினார். "ம்ம்ம்...?" என்றார். இரண்டாவது சுற்று. "ஐயோ!" என்றார். மூன்றாவது சுற்றில் சிலுவை அவர் தோளைவிட்டு எழும்பி, பாடிக்கொண்டிருந்த சிறுவர்களின் தலைக்குமேல் பறந்து, ரொட்டிக் கடைப் படுதாவில் மோதி, சாலையில் உருண்டு, ஒரு மூன்று வயதுக் குழந்தையின் காலடியில் போய் நின்றது.

தெருவே மூச்சை நிறுத்தியது.

குழந்தை சிலுவையைப் பார்த்தது. தலைவரைப் பார்த்தது. ஒரு கையில் மிட்டாய் இருந்ததால், இன்னொரு கையால் மட்டும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு குடுகுடுவென்று ஓடி வந்தது.

"மாமா, இந்தாங்க!"

முதலில் ரொட்டிக் கடைக்காரர் சிரித்தார். பிறகு தெரு முழுவதும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ, "ம்ம்ம்... ஹா!" என்று தலைவரைப் போலவே முக்கிக் காட்டினார்கள். ஆலயப் போதகர் மட்டும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அது இருமலா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது.

துருவியும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகச் சுருளின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்," என்றாள் சுருள்.

"இதைப் பார்க்கவா என்னை வரச் சொன்னே?"

சுருள் முன்னால் பார்த்தாள். அவள் கண் தலைவர் மேல் பட்டது. அவர் கன்னங்கள் சிவந்திருந்தன. மெத்தை நழுவி முதுகுக்கு வந்திருந்தது. எந்தச் சந்துக்குள் ஓடலாம் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. நேற்றுவரை சுருளுக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. இப்போது அந்தக் கோபத்தைத் தேடினாலும் கிடைக்கவில்லை.

"இல்லை, இதைப் பார்க்கத்தான்," என்றாள். வண்டிமேல் இருந்த துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

வெயிலில் நிஜச் சிலுவை கிடந்தது. சாயம் இல்லை, பளபளப்பு இல்லை. உளி பட்ட தடங்கள் மட்டும் தெரிந்தன.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சுருள் நேராகத் தலைவரிடம் நடந்தாள்.

"ஐயா, வண்டி இதுக்கு மேல போகாது. ஆலயத்துக்குப் பன்னிரண்டு படி இருக்கு. தூக்கித்தான் ஏத்தணும். ஒரு முனையில ஆள் குறையுது. வர்றீங்களா?"

"என்னையா? இவ்வளவுக்கு அப்புறமுமா?" என்றார் தலைவர். மேடைக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா."

"சிரிக்கட்டும், ஐயா. தூக்கும்போது அவங்களுக்கே மூச்சு வாங்கும். அப்புறம் எப்படிச் சிரிப்பாங்க?"

தலைவர் கோட்டைக் கழற்றினார். மெத்தையோடு சேர்த்து அதை அந்தக் குழந்தையிடம் கொடுத்தார். குழந்தை உடனே மெத்தைமேல் உட்கார்ந்துகொண்டது.

அம்மா ஒரு பக்கம், ரொட்டிக் கடைக்காரர் ஒரு பக்கம், போதகர் நடுவில். கனத்த அடிமுனை தலைவருக்கு. இடையில் சுருளும் சிறுவர்களும். இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. துருவி அங்கே போய்த் தோளைக் கொடுத்தாள்.

"நீயுமா?" என்றாள் சுருள்.

"ஏன், என் தோள் தோள் இல்லையா?"

தூக்கினார்கள். யாரும் முக்கிக் காட்டவில்லை. எல்லோருக்கும் நிஜமாகவே முக்கல் வந்தது. ரொட்டிக் கடைக்காரருக்குத்தான் எல்லோரையும்விடப் பலமாக வந்தது.

மூன்றாவது படியில் துருவி கேட்டாள். "சுருள், இயேசு தூக்கிட்டுப் போனபோதும் ஜனங்க சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. இதைவிட மோசமா. துப்பினாங்க, அடிச்சாங்க. பெரிய குத்தம் செஞ்சவங்களைத்தான் அப்படித் தூக்க வைப்பாங்களாம், ஊரே பார்த்துக் கேவலப்படுத்தணும்னு. அவர் ஒரு குத்தமும் செய்யலை."

"அவர் அவங்களை என்ன பண்ணார்?"

"ஒண்ணும் பண்ணலை. 'இவங்களை மன்னிச்சிடுங்க'ன்னு அவங்களுக்காக வேண்டிக்கிட்டார்."

துருவி இரண்டு படி பேசாமல் ஏறினாள். அவள் வாழ்க்கையில் அதுவே அதிகம்.

"ஓடிப் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம். போகலை. எங்களை விட்டுட்டுப் போக மனசு வரலை அவருக்கு."

"அப்ப நீங்க மாட்டிக்கிறது அவரைக் கொன்ன மரத்தை இல்லை," என்றாள் துருவி மூச்சு வாங்கியபடி. "அவர் விட்டுட்டு ஓடாத இடத்தை."

சுருளுக்குக் கால் படியில் நின்றுவிட்டது. இரண்டு நாளாகத் தேடிய பதில் இது. தேடிய தனக்குக் கிடைக்காமல், கேட்டவளுக்கே கிடைத்துவிட்டதே!

"ஆமா," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "கடைசியில மரணமும் அவரைப் பிடிச்சு வைக்க முடியலை. அதனாலதான் எங்க ஆலயத்துச் சிலுவை காலியா இருக்கு."

"காலியா இருந்தும் இவ்வளவு கனமா இருக்கே!"

"வழியில போன ஒருத்தரைப் பிடிச்சு இயேசுவோட சிலுவையை அன்னைக்கும் தூக்கச் சொன்னாங்களாம். அவரும் தூக்கினார்."

"என்னை மாதிரியா?"

"உன்னை மாதிரிதான். ஆனா அவர் இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்."

அடிமுனையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தலைவர்தான். சட்டை நனைந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவருடைய முகம் பல்வலி மாதிரியும் இல்லை, பல்லைப் பிடுங்கின மாதிரியும் இல்லை. கனத்தைத் தூக்குகிற ஒரு மனிதரின் முகம் மாதிரிதான் இருந்தது.

மதியத்துக்குள் சிலுவை சுவரில் ஏறிவிட்டது. அம்மா கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு, ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

அவர்கள் படியேறியதை எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தில் சுருளின் சுருள்முடி தெரிகிறது. துருவியின் திறந்த வாய் தெரிகிறது. தலைவர் மட்டும் தெரியவே இல்லை. அடிக்கட்டை மறைத்துவிட்டது. கட்டைக்குக் கீழே இரண்டு கறுப்புச் செருப்புகள் மட்டும் தெரிகின்றன.

தலைவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, விரலை வைத்துக் காட்டுகிறார்.

"இதோ பாருங்க, இந்தச் செருப்பு நான்தான்!"