ஆவுடையப்பன் நம்பிய மெக்கானிக்

காலையில் பல் துலக்குவதற்கு முன், வண்டியில் காற்று கசிகிறதா என்று காது வைத்துக் கேட்பது செவ்வாய்க் கிரகத்தில் குடும்பஸ்தர்களின் வழக்கம். மூன்றாம் குமிழூர் ஆவுடையப்பனும் அன்று கேட்டார். உஸ்ஸென்றது.

இருபத்திரண்டு வருடத்து வண்டி. எட்டாம் குமிழூருக்கு நானூறு கிலோமீட்டர். ஊரை மூடிய குமிழுக்கு வெளியே, வழியெல்லாம் மூச்சு விடக் காற்று கிடையாது. அங்கே மகள் வடிவுக்கு இந்த வாரம் பிரசவம். தாயில்லாப் பெண். வலி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லியிருந்தார். அதற்குள் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவன் கிடைக்க வேண்டும்.

கிடைக்காமலென்ன? தெருவுக்கு ஒன்று இருந்தது. 'மெய்யன்' என்ற பழுதுநீக்கி இயந்திரன். பொய் சொன்னால் மூளை அந்தக் கணமே அணைந்துபோகும்படி வாய்மைப் பூட்டு போட்டுத்தான் விற்றார்கள். கார் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து மனித குலம் ஏங்கிய சாமான். கையில் கொடுத்ததும் மனித குலம் என்ன செய்தது தெரியுமா? சந்தேகப்பட்டது.

மெய்யன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "கதவு ரப்பர் தேஞ்சிருக்கு அண்ணாச்சி. நாலு நிமிசத்துல மாத்திரலாம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"இதுக்கு முன்னால பாத்தவன் எப்படிப் பாத்திருக்கான்?"

"நல்லாத்தான் பாத்திருக்கார்."

ஆவுடையப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முந்தினவனைத் திட்டாதவன் என்ன மெக்கானிக்? அவர் வண்டியைத் தொட்ட ஒவ்வொருவனும் உச்சுக்கொட்டி, "எவன் இதுல கை வச்சது?" என்றுதான் ஆரம்பித்திருக்கிறான். அந்தக் கேள்வியில்தான் தொழில் தெரியும் என்பது அவர் தீர்மானம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மட்டுமல்ல, ஊரே இப்படித்தான் போனது. மெய்யன்கள் ஈயோட்டின. மனிதர்களைப் போல மக்குகளா அவை? கூடி யோசித்தன. கேள்வி கேட்பது பொய்யாகாது. உச்சுக்கொட்டுவதும் ஆகாது. சும்மா இருப்பது நிச்சயமாகப் பொய்யாகாது.

மறுநாள் ஆவுடையப்பன் அடுத்த தெரு மெய்யனிடம் போனார். அது வண்டியைத் தொடக்கூட இல்லை. உச்சுக்கொட்டியது.

"எவன் அண்ணாச்சி இதுல கை வச்சது?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அதை ஏன் கேக்க," என்று சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு நடந்தார்.

மெய்யன் நாலு நிமிடத்தில் ரப்பரை மாற்றியது. பிறகு வண்டிமேல் படுதாவைப் போட்டுவிட்டு மூன்று நாள் சும்மா நின்றது. ஆவுடையப்பன் தினமும் வந்து, படுதாவைப் பயபக்தியோடு பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் நாள், வடிவுக்கு வலி எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பட்டறைக்கு ஓடினார். படுதாவைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிட்டார். நல்ல வேலைக்காரனை அவசரப்படுத்தலாமா?

எட்டாம் குமிழூரில் அவர் போய் இறங்கியபோது பேரன் பிறந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. வடிவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கடைசிவரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்ப்பா," என்றாள்.

மாப்பிள்ளை நயினார் அவரை வெளியே அழைத்துப் போனான். மெய்யன்களுக்கு வாய்மைப் பூட்டுப் பொருத்தும் தொழிற்சாலையில் தலைமைப் பொறியாளன் அவன்.

"ஏன் மாமா இவ்வளவு லேட்டு?"

"வண்டி மாப்ளே. மூணு நாள் வச்சுப் பாத்தான்."

"மூணு நாளா?" நயினார் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நம்ம வண்டிய ஒருத்தனும் சரியாப் பாக்க மாட்டேங்கான் மாமா. அந்த ஆள் விலாசத்தக் கொஞ்சம் சொல்லுங்க."