ஜும்ஆ நேரத்து விருந்தாளி

"வீல்...!"

அலறியது டிவிக்குள் ஒரு பெண். முகமூடிக்காரன் துரத்த, அவள் வாசலை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்!

"கூறுகெட்டவ! தெருவுக்கு ஓடாம மாடிக்கு எதுக்குடி போற?" நஸீரா எரிச்சலானாள். "இந்த மாதிரிப் படத்துல வர்ற பொம்பளைக்கு அக்கம்பக்கமே இருக்காதா அக்கா?"

எதிர்வீட்டு சைனம்பு சிரித்தாள்.

"அவளுக்குப் புத்தி இருந்தா படம் பத்தே நிமிஷத்துல முடிஞ்சிரும்ல! அடுப்புல கறி கெடக்கு... செத்த நேரத்துல வாரேன்."

போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம். பேகம்பூரின் அந்தத் தெருவில் ஆம்பளை வாடையே இல்லை. எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். பள்ளிவாசல் மைக்கில் இமாமின் குத்பா உரை கேட்டுக்கொண்டிருந்தது.

க்ளக்...!

கொல்லைக் கதவு!

நஸீரா சத்தமில்லாமல் எழுந்தாள். திரைச்சீலை இடுக்கில் பார்த்தாள். குரங்குக் குல்லாய்... கையில் கத்தி!

போன் அதிர்ந்தது. கணவன் ரிஃபாத்.

"நஸீரா! வீட்டுக்குள்ள எவனோ புகுந்துட்டான்... பின்பக்க மாடி ரூமுக்கு ஓடி ஒளிஞ்சுக்க! சத்தம் போட்டுராத!"

"நீங்க எங்க மச்சான் இருக்கீங்க?" கிசுகிசுத்தாள்.

"பள்ளியிலதான்! கேள்வி கேக்காத... ஓடு!"

படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

குத்பா நடக்கும்போது போனா...?

பக்கத்தில் இருப்பவனை 'சும்மா இரு' என்றுகூடச் சொல்லக் கூடாத நேரம் அது. செருப்பைக் கழற்றும்போதே போனையும் அணைத்துவிடுகிற ரிஃபாத், பேசுவதற்காகவே எழுந்து வெளியே வந்திருக்கிறான். இங்கே ஒருவன் புகுந்தது அங்கே இருந்தவனுக்கு எப்படித் தெரிந்தது?

 பெற்ற அத்தா அவள் பேருக்கு எழுதிவைத்த தோல் கிடங்கு! விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொன்ன பிறகு ரிஃபாத்துக்கு வந்த திடீர்ப் பாசம்! பின்பக்க மாடியில் கத்தினால் தெருவுக்குக் கேட்காது.

இவனுக்கா இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன்! அழுகையை விழுங்கிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

குல்லாய்க்காரன் ஹாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மாடி ஏறினான்.

நஸீரா பாய்ந்தாள். படிக்கட்டு கிரில் கேட்டை இழுத்துப் பூட்டினாள். தெருவுக்கு ஓடி அடித்தொண்டையில் கத்தினாள்.

"சைனம்பு அக்கோவ்...!"

தெருவே திரண்டது. உலக்கையும் துடைப்பக்கட்டையுமாக ஹாலில் நிற்க இடமில்லை. சைனம்பு போலீசுக்குப் போன் போட்டாள். நஸீரா வாசல் கதவைச் சாத்திவிட்டு உதட்டில் விரல் வைத்தாள்.

தொழுகை முடிந்தது.

வெளியே ரிஃபாத் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து மாரில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ...! எம் பொண்டாட்டியைக் கொன்னு மய்யித்தாக்கிட்டாங்களே!"

கதவு இன்னும் சாத்தியே இருந்தது. கூட வந்தவர்கள் அவனை விநோதமாகப் பார்த்தார்கள்.

உள்ளே கிரில் கேட்டைப் பிடித்து உலுக்கியபடி குல்லாய்க்காரன் அலறினான்.

"ரிஃபாத் பாய்...! நீங்க சொன்ன மாதிரி மேலதான் போனேன்... பூட்டிப்புட்டாளுக! உலக்கையோட நிக்கிறாளுக பாய்!"

ரிஃபாத்தின் அழுகை சட்டென்று நின்றது.

கதவு திறந்தது. நஸீரா!

"எதுக்கு நிறுத்திட்டீங்க மச்சான்? அழுதுக்கிட்டே உள்ள வாங்க... மய்யித்தே வந்து கதவத் தெறந்திருக்கு!"