ஏவிஸ் வாய் திறக்கவில்லை

மாடியில் யாரும் இல்லை. ஆனாலும் பலகை முனகியது.

தோமசின் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் வைக்கோல் படுக்கைக்கு நேர் கீழே உத்தரத்திலிருந்து தூசு உதிர்ந்து அவளுடைய கஞ்சியில் விழுந்தது. வெளியே மழை, அடுப்பில் ஈர விறகின் புகை, எதிரே ரொட்டியைப் பியரில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருக்கும் மாமா அம்ப்ரோஸ். அவள் கஞ்சியைத் தள்ளி வைத்தாள்.

அம்மா வாய் திறக்காமல் இருப்பது அவர் சொல்லிக்கொடுத்த வித்தை. வெள்ளிக் கிண்ணம் திருடியதாக அம்மா ஏவிஸ் மீது பொய் வழக்கு. திருடினாயா இல்லையா என்று நீதிபதி கேட்கும்போது பதில் சொன்னால்தான் விசாரணை நடக்கும். தண்டனை என்றால் தூக்கு. வீடும் ஆடுகளும் ராணியின் கஜானாவுக்குப் போய்விடும். வாயே திறக்காவிட்டால் சொத்து தப்பும். ஆனால் திறக்காதவளைச் சிறைத் தரையில் கிடத்தி, நெஞ்சில் பலகை போட்டு, பேசும்வரை அல்லது சாகும்வரை கல் ஏற்றுவார்கள். இதற்குப் பெயர் சட்டமாம். இன்று காலை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

மறுபடி முனகல்.

"கேக்குதா மாமா?"

"மழைக்கு மரம் ஊதும். சாப்பிடு."

"பூட்டின கதவத் தொறங்க. சிறைக்குப் போய் அம்மாவப் பேசச் சொல்லணும். வீடு போனாப் போகட்டும்."

"உனக்காகத்தான் படுத்திருக்கா. கெடுத்துடாத."

"எனக்குப் பன்னெண்டு வயசு. நான் வளர்ற வரைக்கும் இந்த வீட்டுக்கு எசமான் யாரு? நீங்கதானே?"

அவர் ரொட்டியை மென்றார்.

தலைக்கு மேல் தொம்மென்று ஒரு சத்தம். தோமசின் ஏணியில் தாவி ஏறினாள்.

படுக்கையின் நடுவே பள்ளம். தோள்கள். விலா. முழங்கால்கள். யாரோ மல்லாந்து கிடக்கிற அளவு. அவள் பார்க்கப் பார்க்க அது இன்னும் ஒரு விரற்கடை அமுங்கியது. கம்பளியில் அம்மாவின் வியர்வை வாசம்.

"பேசும்மா. எனக்கு எதுவும் வேணாம். பேசு."

முகம் இருக்கவேண்டிய இடத்தில் துணி அசைந்தது. உதடுகள்போல் மெல்லப் பிரிந்தது. சூடான மூச்சு. ஒரு சொல் வரப்பார்த்தது.

ஏணி கிரீச்சிட்டது. அம்ப்ரோஸ் அவளை விலக்கிவிட்டு மண்டியிட்டார். துணி அசைந்த இடத்தில் அகன்ற உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான், அக்கா."

தோமசின் அவர் கையைக் கடித்தாள். ரத்தம் வரக் கடித்தாள். அவர் எடுக்கவில்லை. விரல்களுக்கு அடியில் துணி உள்ளே இழுபட்டது, புடைத்தது, மறுபடி உள்ளே இழுபட்டது.