தம்பியின் தெம்பு

திரையில் பச்சைக்கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கல்லீரல் செல்கள் எவ்வளவு பிராணவாயுவை இழுக்கின்றன என்று அளக்கும் கருவி அது. பன்னிரண்டு வருடங்களாக அதோடு மல்லுக்கட்டியவளுக்கு, சாகிற செல்கூடக் கோட்டைக் கொஞ்சம் நடுங்கவிட்டுத்தான் அடங்கும் என்று தெரியும். இது நடுங்கவே இல்லை. கிண்ணத்தில் இருந்தது, நேற்று அவள் தம்பியின் ஈரலிலிருந்து எடுத்த துணுக்கு.

மறுபடி அளந்தாள். பக்கத்துக் கிண்ணத்தில் வேறு யாருடைய செல்களோ ஒழுங்காக மூச்சு வாங்கின. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தாள். உடம்புக்குத் தெம்பு தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் உப்பி, ஒளியற்று, வெறும் பைகளாக மிதந்தன. தம்பிக்கு வந்த மஞ்சள் காமாலை வைரஸ் அவற்றைக் கெடுக்கும்தான். அதற்காக ஒன்றுகூட மிச்சமில்லாமலா? ஆறு மாதமாகச் சோபாவைவிட்டு எழாதவனைச் "சோம்பேறிச் சக்கரவர்த்தி" என்று கேலி செய்த தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம்போல இருந்தது.

கைபேசி அடித்தது. அம்மா.

"தம்பி எழுந்துட்டாண்டி! மத்தியானத்துலேருந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறான். அலமாரிய ஒத்தக் கையால நகர்த்திட்டான்!" அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவள் ஓடினாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் சாயங்கால வெயிலும் மருந்து நெடியும் மின்விசிறியின் கிறீச்சும். நாற்காலியில் அம்மா. பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தான் தம்பி.

"வாக்கா."

பேசுவதற்கு மட்டும் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு அசையவில்லை. அவள் நூறுவரை எண்ணினாள்.

"எனக்குத்தான் என்னமோ அசதியா இருக்கு," என்றாள் அம்மா. "கைய விடமாட்டேங்கறான் பாரு, சின்னப் புள்ள மாதிரி."

அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. காலையில் தெளிவாக இருந்த கண்கள் மஞ்சள்.

"அம்மா கைய விடுடா."

"விட்டா விழுந்துடுவேன்க்கா." அவன் அழுதான். "எப்படின்னு தெரியல. பயமா இருக்கு."

அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சில்லென்றிருந்தன. தம்பியின் முழங்கால் மடங்கியது.

பார்க்க முடியவில்லை. தன் கையைக் கொடுத்தாள்.

அவன் நிமிர்ந்தான். அவள் கால்கள் துவண்டன.

"நீ விடுடி," என்றது அம்மாவின் குரல். "எனக்கு இன்னும் தெம்பு இருக்கு." எழ முடியாமல், நாற்காலியிலிருந்து தரையில் சரிந்து, கையை நீட்டியபடி அம்மா மகனை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள்.