அளவுடல்

ஈடுமானிக் கூடத்தின் தாழ்வாரத்தில் அன்று காலை பதினாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் நொண்டாமல் நின்றவள் சந்தனமாரி மட்டுமே. இடது முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லாதவளும் அவள் ஒருத்திதான்.

மற்ற எல்லோருக்கும் இரண்டு கால்கள். ஒருவன் சுவரைப் பிடித்தபடி நகர்ந்தான். இரட்டையர் ஆட்டத்துக்கு வந்த இரண்டு பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து நடந்தார்கள். யாரும் நடிக்கவில்லை. நடித்தால் ஈடுமானி கண்டுபிடித்துவிடும்.

ஈடுமானி பார்ப்பதற்கு ஒரு வளைவு. அதற்கடியில் ஓடும் தரை. ஏறி நிற்பவரைக் குனியச் சொல்லும், தாவச் சொல்லும், ஓடச் சொல்லும். தசையையும் நரம்பையும் மூச்சையும் படித்துக்கொண்டே கட்டம் கட்டமாகக் கடுமையைக் கூட்டும். "போதும்" என்று வாயால் சொன்னால் நிற்கும். வாய் சொன்னதை உடம்பும் ஒப்புக்கொள்கிறதா என்று பார்த்து ஓர் எண்ணைத் தரும். அதுதான் ஈட்டெண். பூச்சியம் என்றால் எந்த ஈடும் தேவைப்படாத உடல். எண் ஏற ஏற, இறகுப்பந்துக் களத்தில் அவருடைய பக்கம் சுருங்கும். கோடுகள் சாயத்தால் போட்டவை அல்ல. விரிப்புக்கு அடியிலிருந்து எழும் ஒளி. ஆளுக்குத் தக்கபடி நகரும்.

மாரியைப் போன்றவர்களுக்காகத்தான் அதைச் செய்தார்கள். அதற்கு முன்பு கால் குறைந்தவர்கள், கை குறைந்தவர்கள், சக்கர நாற்காலியில் ஆடுபவர்கள் என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஈடுமானி வந்ததும் பிரிவுகள் போயின. ஒரே போட்டி, ஒரே கோப்பை. பிறகு அந்த எண் மைதானத்தை விட்டு வெளியே வந்தது. பேருந்தில் இருக்கை, தேர்வில் கூடுதல் நேரம், அலுவலகத்தில் மின்தூக்கி, எல்லாம் ஈட்டெண்ணைப் பொறுத்து என்றானது. ஒருநாள் நடிப்பு செல்லாது, ஆனால் ஆறு வாரம் உண்மையாகவே தளர்ந்தால் செல்லும் என்பதை மக்கள் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். தெருவுக்கொரு தளர்ச்சி நிலையம் முளைத்தது. 'ஆறே வாரத்தில் பதினைந்து எண், அமர்ந்த இடத்திலேயே!' என்று அவற்றின் பலகைகள் மின்னின.

மாரிக்குக் கால் போனது ஒன்பது வயதில், தூத்துக்குடி துறைமுகச் சாலையில். பதினெட்டு வயதில் முதல் ஈட்டெண் வாங்கினாள்: நாற்பத்தாறு. களத்தில் பாதிதான் அவளுக்கு எரிந்தது. அந்தப் பாதிக்குள் அவளை ஜெயிக்க ஆள் இல்லை. 'அரைக்கள அரசி' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். மாரி மறுநாளே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தாள்.

அடுத்த வருடம் முப்பத்தெட்டு. உடம்பு தேறியதால் கோடு விலகியது. வெற்றிக்குப் பரிசாக ஓடுவதற்கு இன்னும் ஓரடி. அகலக் களத்தில் முதல் சுற்றிலேயே தோற்றாள். அந்த ஓரடியைப் பழகி ஜெயித்தாள். கோடு மறுபடி விலகியது. முப்பத்தொன்று, இருபத்திரண்டு என்று ஒன்பது வருடத்தில் இறக்கிக் கொண்டுவந்து, போன மாதம் பதினொன்றில் நிறுத்தியிருந்தாள்.

இன்று மாநில இறுதி ஆட்டம். ஜெயிப்பவள் ஒருத்திக்குத்தான் ஆசியப் போட்டிக்கு இடம்.

"ஏட்டி, மூணாவது கட்டத்துல போதும்னு சொல்லிரு," என்று மாரியின் காதோரம் சொன்னாள் ரெக்சலின். ஒரு காலத்தில் மாரியோடு இரட்டையர் ஆடியவள். துறைமுக அலுவலக வேலைக்கு நடுவே இப்போது அவளுக்குப் பயிற்சி கொடுப்பவள். "இருவத்தஞ்சு எண்ணாவது கிடைக்கும்."

"எதுக்கு?"

"எதுக்கா? நேத்து ஆட்டத்துல முழங்கால்ல கொப்புளம் உடைஞ்சு கிடக்குல்லா. நான்தான துணி சுத்துனேன். வலிக்கா, இல்லையா?"

"வலிக்கு."

"பொறவென்ன, பொய்யா சொல்லப்போற? நெசத்தச் சொல்லுதக்கு ஒனக்கு என்ன கேடு? அந்தா பாரு கோயம்புத்தூர்க்காரிய. ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு முப்பத்தி நாலு வாங்கியிருக்கா."

ஹம்சவேணி எதிர்ப் பலகையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்திரண்டு. இவர்கள் பார்ப்பதைக் கண்டு சிரித்தாள். "சாப்ட்டீங்களாக்கா?"

"ஆச்சு. நீ?"

"ரெண்டு இட்லிதானுங்க. அதுக்கு மேல சாப்ட்டா தெம்பு வந்துருமுன்னு அப்பா திட்டுவாருங்க." கொஞ்சம் தயங்கினாள். "முன்னயெல்லாம் நானும் நாலு, அஞ்சுன்னு தானுங்க வாங்கிட்டிருந்தேன். அப்பறம் போன வருசம் தளர்ச்சி நிலையத்துல சேத்துட்டாங்க."

ரெக்சலின் மாரியின் முழங்கையைக் கிள்ளினாள். "கேட்டியா? ஊரே இப்படி இருக்கு. ஒனக்கு மட்டும் என்ன வீம்பு?"

"இந்த எண்ண ஒம்போது வருசமா எறக்கிருக்கேன் ரெக்சி. ஒரு கொப்புளத்துகிட்ட திருப்பிக் குடுக்கவா?"

"ஆசியா போயிரும்ட்டி."

"போனா போட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, வளைவுக்குள் ஏறும்போது ரெக்சலினைத் திரும்பிப் பார்த்தாள். ஆசியப் போட்டி அவள் பதினெட்டு வயது ஆசை.

மூன்றாவது கட்டத்தில் செயற்கை இழைக்கால் கொப்புளத்தில் உரசியது. நான்காவதில் கண்ணில் நீர் முட்டியது. ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை அது வந்தும்விட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு தாவினாள். ஏழாவது கட்டத்துக்குப் பிறகு தரை தானாக நின்றது. அதற்கு மேல் கேட்க ஈடுமானியிடம் எதுவும் இல்லை.

அளவர் நாகூர்கனி திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பூச்சியம்மா."

"தப்பா இருக்குமோ சார்?"

"மூணு தடவை சரிபார்த்துட்டுதான் காட்டும். நாலு வருசமா இந்த மாநிலத்துல யாருக்கும் பூச்சியம் வரல." எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடி உட்கார்ந்தார்.

மாரியின் பக்கம் களம் முழுதும் எரிந்தது. பதினேழு அடி அகலம், இருபத்திரண்டு அடி ஆழம். ஹம்சவேணிக்குப் பதினோரு அடிதான் அகலம்.

முதல் ஆட்டம் இருபத்தொன்றுக்குப் பதினைந்து என்று ஹம்சவேணிக்குப் போனது. மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த மாரியிடம் தண்ணீரை நீட்டினாள் ரெக்சலின். "இப்ப சந்தோசமா?"

"களத்தப் பாத்தியா? முழுசா எரியுது."

ரெக்சலின் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு திட்டவில்லை.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் மாரி ஒன்றைக் கவனித்தாள். வலையை ஒட்டிய இடது மூலையில் பந்து விழுந்தால் ஹம்சவேணி போவதில்லை. இரண்டே எட்டுத் தூரம். கண் போகிறது, மணிக்கட்டும் திரும்புகிறது. கால் மட்டும் கிளம்ப மறுக்கிறது. முதலில் தந்திரம் என்றுதான் மாரி நினைத்தாள். மூன்றாம் முறை அந்தப் பெண்ணின் முகத்தில் திகைப்பைப் பார்த்ததும் புரிந்தது. ஒரு வருடமாகப் போதும் போதும் என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கால் அதை நம்பிவிட்டது.

அந்த மூலைக்கே பந்தைத் தட்டினாள். இருபத்தொன்று, பதினேழு.

மூன்றாவது ஆட்டம் இருபதுக்கு இருபது வந்து நின்றது. மாரி ஒரு புள்ளி எடுத்தாள். அடுத்த பந்தை ஹம்சவேணி தலைக்கு மேலே தூக்கி, பின் வலது மூலைக்கு அனுப்பினாள். அழகான அடி. ஒன்பது வருடமாக மாரிக்குக் கோட்டுக்கு வெளியே இருந்த மூலை அது. அங்கே விழுகிற பந்தை விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கு எப்போதும் சொல்லியிருந்தார்கள்.

இப்போது உள்ளே இருந்தது. ஓடினாள். கொப்புளம் தீயாக எரிந்தது. முதுகைக் காட்டியபடியே அடித்தாள். பந்து வலையைத் தடவி அந்தப் பக்கம், இடது மூலையில், சருகுபோல இறங்கியது.

ஹம்சவேணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அரங்கில் எழுந்து நிற்க முடிந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரெக்சலின் அழுதுகொண்டே யாரையோ திட்டினாள். மாரி வலையருகே போய்க் கை கொடுத்தபோது அந்தப் பெண் கையை விடவில்லை.

"பந்து தெரிஞ்சுதுங்கக்கா. கால் வரலீங்க."

நாகூர்கனி ஒரு படிவத்தோடு வந்தார். "இதுல கையெழுத்து வேணும்மா. ஈடுமானி எல்லாரையும் ஒரு உடம்போட ஒப்பிட்டுத்தான் எண் போடுது. அதுக்குப் பேரு அளவுடல். இதுவரைக்கும் இருந்தது ஒரு கபடி வீரரோடது. புதுசா ஒருத்தர் பூச்சியம் எடுத்தா, இனிமே அவர்தான். விதி அப்படி."

"என் உடம்பா? சார், எனக்குக் கால் இல்லையே."

"அது கால எண்ணாதும்மா, வேலையத்தான் எண்ணும். ஆனா மாதிரியா எடுத்துக்கிட்டா, உடம்ப முழுசா எடுத்துக்கும். இருக்கறது இல்லாதது எல்லாம் சேர்த்து."

மாரி கையெழுத்துப் போட்டாள். பெயரைச் சுருக்காமல், முழுதாக.

திங்கட்கிழமை காலை மாநிலத்தின் எல்லா வளைவுகளும் புது அளவுடலோடு விழித்துக்கொண்டு, எல்லோருடைய எண்ணையும் மறுபடி கணக்கிட்டன. பத்து மணிக்கு ரெக்சலின் மூச்சிரைக்க அழைத்தாள். அவளுடைய அலுவலகத்தில் மின்தூக்கி யாருக்கும் திறக்கவில்லையாம். நாலு மாடியும் ஏறி வந்தாளாம்.

"ஏ மாரி, என்னத்தட்டி செஞ்சு வச்சிருக்க? என் அறிக்கைய வாசிக்கேன், கேளு. 'இடது பாதம்: மிகை. ஈட்டெண்: கழித்தல் பன்னிரண்டு.' எனக்கு ஒரு கால் கூடுதலாம்ட்டி! எங்க மேலாளருக்கும் கூடுதலாம். மனுசன் படிக்கட்டுலயே உக்காந்துட்டாரு."

மாரிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கிய பிறகு கண்ணாடி முன்னால் போய், இழைக்காலைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து தன்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட மருத்துவர் அவளுடைய அட்டையில் 'குறை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தது நினைவுக்கு வந்தது. குறையவில்லை. ஒரு அங்குலம்கூட.

மாலையில் ஹம்சவேணி அழைத்தாள்.

"ஏனுங்கக்கா, எனக்குக் கழித்தல் ஆறுங்க. என்ர பக்கத்துக் கோடு விரிப்பத் தாண்டிப் போயி சுவத்தோரம் நிக்குதுங்க. இத்தாப் பெரிய களத்துல எப்படிங்க ஆடறது?"

"ஓடித்தான்."

"அப்பா புகார் கொடுக்கோணும்ங்கறாரு. படிவம் எடுத்து வெச்சிருக்கறாருங்க. அதுல குறை என்னன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதத்தான் எப்படி எழுதறதுன்னு தெரியல."

"என்னன்னு எழுதச் சொல்லுதாரு?"

அந்தப் பக்கம் படிவம் சலசலக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு ரெண்டு காலும் இருக்குதுன்னு தானுங்க."