நாற்பத்தொரு பக்கப் பொஸ்ரன்

மகேசன் வந்து மணியை அடித்தபோது செல்வரத்தினம் சமையலறையில் தேநீர் வடித்துக்கொண்டிருந்தார். 1987 ஒக்ரோபர் மாதத்து ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறு மணி. மகேசன் மணியை அடித்தார் என்பதைவிட, அதன்மேல் சாய்ந்து நின்றார் என்பதே பொருத்தம். கதவைத் திறந்த வின்சென்ற், யாரோ செத்துப்போனார்கள் என்றே நினைத்தான்.

"ஃபைல் போச்சு," என்றார் மகேசன்.

"எந்த ஃபைல் அண்ணை?"

"பொஸ்ரன்!"

வின்சென்ற் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தான். அவன் பூமிப்பந்தின் தென்கோடியில் இருக்கும் ஒக்லாந்தில் பஸ் ஓட்டுபவன். ஓய்வு கிடைத்தால் செல்வரத்தினத்தின் வீட்டுக்கு வந்துவிடுவான். செல்வரத்தினம் காப்புறுதி நிறுவனமொன்றில், நட்டஈடு கேட்பவர்களின் கதை மெய்தானா என்று விசாரிக்கும் உத்தியோகத்தர். களவு போனதாக ஒருவர் எழுதிக் கொடுத்த படகை, அவருடைய மச்சானின் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டியவர். வின்சென்ற் தன்னை அவருடைய உதவியாளன் என்று சொல்லிக்கொண்டான். அவர் இன்றுவரை அதை மறுக்கவில்லை. நியமனக் கடிதம் என்று அவனிடம் இருந்தது அவ்வளவுதான்.

"இருங்கோ மகேசன்," என்று செல்வரத்தினம் கோப்பையை நீட்டினார். "முதலிலை குடியுங்கோ. பிறகு சொல்லுங்கோ."

பொஸ்ரன் கதை ஊருக்கே தெரிந்ததுதான். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கடைத்தொகுதி நடத்திய சீட்டிழுப்பில் மகேசனுக்கும் மனைவி கௌரிக்கும் முதல் பரிசு விழுந்தது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் ஞாயிறும் திங்களும் தங்கிவர இருவருக்கு விமானச் சீட்டு, ஹோட்டல் அறை. இரண்டு நாள் நடக்க இரண்டு நாள் பறக்க வேண்டும் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பொஸ்ரன் காலால் பார்க்கவேண்டிய பழைய ஊர். பார்க்க வருகிறவன் வழிதவறக் கூடாதென்று நடைபாதையிலேயே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டின்மேல் நடந்தால் பழைய தேவாலயம், பழைய மயானம், பழைய மண்டபம் எல்லாம் தானாக வரும்.

தெரு வரைபடம் கீறுவது மகேசனின் தொழில். அந்தக் கோட்டுக்கும் அவர் ஆறு மாதம் உட்கார்ந்து நாற்பத்தொரு பக்கத்தில் திட்டம் போட்டிருந்தார்.

"ஞாயிறு எங்கை துவங்குறியள்?" என்று கேட்டார் செல்வரத்தினம்.

மகேசன் கண்ணை மூடினார். "காலமை 9.10, பூங்கா வாசல். 9.14, அணில் பார்த்தல். 9.20, சிவப்புக் கோடு. 10.52, கௌரிக்குக் களைப்பு வரும். 11.05, களைப்பு போகும். பின்னேரம் 2.20, துறைமுகம். தேயிலையைக் கடலுக்கை கொட்டின இடம்."

"எங்கடை தேயிலையையோ?" என்று பதறினான் வின்சென்ற்.

"சீனத்துத் தேயிலை. பதினேழாம் பக்கம், அடிக்குறிப்பு."

"முழுக்கப் பாடமாக்கி வைச்சிருக்கிறியள். பிறகேன் ஃபைல்?" என்றார் செல்வரத்தினம்.

"செல்வரத்தினம், மண்டைக்குள்ளை கிடக்கிற தெருவிலை ஆரும் நடக்கேலாது. ஃபைல் இல்லாட்டிப் பயணம் இல்லை. நாளைக்கு மத்தியானத்துக்குள்ளை பயண ஏஜென்சிக்கு ரெலிபோன் எடுத்துப் போகமாட்டம் எண்டு சொன்னால் பரிசை வேறை ஆருக்கெண்டாலும் குடுத்திடுவினம். சொல்லத்தான் போறன்."

பயணம் சனிக்கிழமை. கையில் ஓர் இரவும் ஒரு காலையும் இருந்தன.

மகேசன் வீட்டில் கௌரி மூவருக்கும் தேநீர் ஊற்றினார். அவருடைய கண் சிவந்திருந்தது. வின்சென்ற் அதைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் "வெங்காயம்?" என்றும் எழுதினான்.

நடந்தது சிறிய விடயம். புதன்கிழமை மாலை நாலரைக்கு மகேசனை வேலையிலிருந்து காரில் கொண்டுவந்து விட்டவர் நண்பர் ஆனந்தராசா. மகேசன் ஃபைலை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. பொஸ்ரன் குளிருக்கென்று வாங்கி, கதிரையில் போட்டிருந்த கழுத்துச் சால்வையையும் காணவில்லை. அதே மேசை லாச்சியில் கடவுச்சீட்டும் விமானச் சீட்டும் வைத்தபடியே இருந்தன.

"அந்த அரை மணித்தியாலத்திலை வீட்டிலை ஆர் ஆர்?"

"நான் குசினியிலை," என்றார் கௌரி. "ஆனந்தராசா அண்ணை ஹோலிலை இருந்து ரெண்டு கோப்பை தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவர்."

"உம்மடை மனிசியும் வந்தவ, வின்சென்ற்," என்றார் மகேசன். "குளிக்கேக்கை குரல் கேட்டது. வந்த கையோடை போயிட்டா."

"புஷ்பமலர் கறிவேப்பிலை வாங்க வந்தவ," என்றார் கௌரி அவசரமாக. "நாலே முக்காலுக்கு முன்னமே போயிட்டா."

"தேத்தண்ணி குடிச்சவவோ?" என்று கேட்டார் செல்வரத்தினம்.

கௌரி சீனிப் போத்தலை மூடினார். "இல்லை."

ஆறு மாத உழைப்பு காணாமல் போயிருக்கும்போது இவர் தன் மனைவியின் தேத்தண்ணியை விசாரிக்கிறாரே என்று வின்சென்றுக்கு ஒரு மாதிரி இருந்தது. அவன் தனியே தடயம் தேடிக் குசினிக்குள் போனான். இரண்டு நிமிடத்தில் ஒரு கூச்சல் கேட்டது.

"அண்ணை! நிண்டுபோன மணிக்கூடு!"

அடுப்புக்கு மேலே ஆணியில் ஒரு பழைய கைக்கடிகாரம் தொங்கியது. அப்போது நேரம் மாலை ஏழு. அது பன்னிரண்டரை காட்டியது.

"கைகலப்பிலை நிண்டிருக்கு," என்றான் வின்சென்ற். "குற்றம் நடந்த நேரம் பன்னிரண்டு முப்பது!"

செல்வரத்தினம் அதை எடுத்துக் காதில் வைத்தார். "ஓடுது தம்பி."

"ஓடுதோ?"

"வடிவா ஓடுது. ஆறரை மணித்தியாலம் பிந்தி. இது ஊர் நேரம்."

"யாழ்ப்பாணத்திலையிருந்து என்ரை தம்பியார் ரெலிபோன் எடுத்தால் நேரம் தெரியவேணுமெல்லே," என்றார் கௌரி.

செல்வரத்தினம் தலையசைத்தார். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் சண்டையால் ரெலிபோன் கம்பியே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்தார். ஒரு காம்பும் ஒடிக்கப்படவில்லை.

வாசலில் மகேசன் இன்னொரு முறைப்பாட்டையும் வைத்தார். "போறதெண்டாலும் நிம்மதியாப் போக விடமாட்டா. சனிக்கிழமை வின்சென்ற் வீட்டுக்குப் போயிட்டுத்தான் எயார்போட் போகவேணுமாம். நாங்கள் இருக்கிறது இஞ்சை, எயார்போட் தென்மேற்கிலை, இவன் வீடு பகுரங்காவிலை, நேர் கிழக்கு. றோட்டுக் கீறிப் பிழைக்கிற எனக்கு இப்பிடியொரு அவமானம்!"

"நல்லது," என்றார் செல்வரத்தினம். "நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு ஆனந்தராசாவையும் கூப்பிடுங்கோ. தம்பி, நீர் புஷ்பமலரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

வெள்ளிக்கிழமை காலை வின்சென்ற் பஸ் தொப்பியை எடுக்க அலுமாரிமேல் கையை விட்டான். விரலில் ஒரு துணிப்பை தட்டுப்பட்டது. பையின் வாயில் மெத்தென்ற கம்பளி.

"இஞ்சாருங்கோ, அதிலை கை வைக்காதேங்கோ!" என்று புஷ்பமலர் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "நாளை வரைக்கும் அதைக் கீழை இறக்கப்படாது!"

வின்சென்ற் மெல்லச் சிரித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். துப்பறிவாளனிடம் பரிசை மறைக்கப் பார்க்கிறாளே, பாவம். ஒன்றும் தெரியாதவன்போல் நடிக்க முடிவு செய்தான். அந்த நடிப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை.

ஒன்பது மணிக்கு எல்லோரும் மகேசனின் ஹோலில் இருந்தார்கள். ரெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் மகேசன், மடியில் ஏஜென்சியின் இலக்கம். கதவோரம் கௌரியும் புஷ்பமலரும். சோபாவை நிறைத்தபடி ஆனந்தராசா. வின்சென்ற் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான்.

"அண்ணை, நான் துவங்கட்டோ?"

"துவங்கும்."

"ஆனந்தராசா அண்ணை! அதே சீட்டிழுப்பிலை உங்களுக்கு விழுந்தது ரெண்டாம் பரிசு. மின்சாரப் பொரிச்சட்டி. முதல் பரிசுக்காரர் போகாட்டி அது அடுத்த ஆளுக்கு வரும். அடுத்த ஆள் ஆர்? நீங்கள்! அரை மணித்தியாலம் தனிய இந்த ஹோலிலை இருந்ததும் நீங்கள்!"

ஆனந்தராசா தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு வின்சென்றைப் பார்த்தார். "தம்பி, பொஸ்ரனிலை நடக்கவேணும். சட்டியிலை பொரிச்சதை இருந்த இடத்திலையே தின்னலாம். எனக்கு முதல் பரிசே அதுதான்."

வின்சென்ற் குறிப்புப் புத்தகத்தில் ஆனந்தராசாவின் பெயரை வெட்டினான். அவன் உட்கார்ந்தான்.

"இது களவில்லை," என்றார் செல்வரத்தினம் அமைதியாக. "கள்ளன் கடவுச்சீட்டை விட்டிட்டு அணில் பார்க்கிற நேரத்தைக் கொண்டு போகமாட்டான். போனது ஃபைலும் சால்வையும். ரெண்டுக்கும் என்ன பொருத்தம்? ரெண்டும் மகேசன்ரை சொந்தப் பொருள், ரெண்டும் பயணத்துக்குரியது. கடவுச்சீட்டு அரசாங்கத்தின்ரை, ரிக்கற் சீட்டிழுப்புக்காரர் தந்தது. எடுத்த ஆளுக்கு அது சரிவராது."

"ஏன் சரிவராது?" என்றார் மகேசன்.

"வாறன். எங்கடை சனம் வீட்டுக்கு வந்த ஆளைத் தேத்தண்ணி குடுக்காமல் விடுமோ? ஆனந்தராசாவுக்கு ரெண்டு கோப்பை. அதே நேரம் வந்த புஷ்பமலருக்கு ஒரு வாய் இல்லை. ரெண்டு பேருக்கும் சண்டையுமில்லை. அப்ப, புஷ்பமலர் நேரம் தப்பாமல் படி இறங்கவேண்டி இருந்தது. எந்த நேரம்? இஞ்சத்தை நாலே முக்காலுக்கு முன்னம், நாலு நாற்பதெண்டு வைப்பம். குசினி மணிக்கூட்டிலை புதன் காலமை பத்துப் பத்து. தம்பியாரின்ரை ரெலிபோனுக்கு அந்த மணிக்கூடு தேவையில்லை, அங்கை லைனே இல்லை. ஊர் நேரத்திலை அச்சடிச்சு இந்த வீட்டுக்கு வாற புத்தகம் ஒண்டுதான். பஞ்சாங்கம்."

மகேசன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"மகேசன், சனிக்கிழமை எந்தத் திசையிலை சூலம்?"

"எனக்கு உந்த விசர்க்கதை தெரியாது."

"கிழக்கே. சனிக்கிழமை கிழக்கே பயணம் வெளிக்கிடக் கூடாதாம். அமெரிக்கா எங்களுக்குக் கிழக்கு. அதுவும் நீங்கள் நடுக்கடலிலை திகதிக்கோட்டைத் தாண்டுறியள். இஞ்சை சனி பின்னேரம் ஏறி, அங்கை சனி மத்தியானம் இறங்குறியள். மற்றவைக்கு ஒரு சனி, உங்களுக்கு ரெண்டு."

"ஐயோ, அதைத்தானே நானும் எண்ணிப் பார்த்தனான்!" என்று கௌரியை மீறி வார்த்தை வந்துவிட்டது.

"அதுக்குப் பரிகாரம் இருக்கு. பரஸ்தானம் எண்டு சொல்லுவினம். நல்ல நாள், நல்ல நேரத்திலை, போற ஆளின்ரை பொருள் ஒண்டைப் போற திசையிலை இன்னொரு வீட்டிலை கொண்டுபோய் வைக்கிறது. அந்த நேரமே பயணம் துவங்கினதாக் கணக்கு. பிறகு வெளிக்கிடுற நாளிலை, அந்த வீட்டுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு போகலாம். எயார்போட்டுக்குப் போறவை ஏன் பகுரங்காவுக்குப் போகவேணும் எண்டு கேட்டியளே, இதுதான். உங்கடை ஃபைல் காணாமல் போகேல்லை, மகேசன். இந்த வீட்டிலை பொஸ்ரனுக்கு வெளிக்கிட்டிருக்கிற ஒரே ஆள் அதுதான்."

வின்சென்றுக்கு அலுமாரிமேல் இருந்த பை நினைவுக்கு வந்தது. "சால்வை என்ன நிறம்?" என்று மிகச் சின்னக் குரலில் கேட்டான்.

"சாம்பல்," என்றார் மகேசன்.

"அப்ப எனக்குப் பிறந்தநாளுக்கு?"

"கேக் அடிப்பன்," என்றாள் புஷ்பமலர். பிறகு கௌரியைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ அக்கா. நான் அதுக்கு மேலை செபமாலையும் வைச்சிருக்கிறன். ரெண்டு பக்கத்தாலையும் காவல்," என்றாள்.

மகேசன் எழுந்துவிட்டார். "வின்சென்ற், காரை எடும். இப்பவே போய் ஃபைலைக் கொண்டு வருவம். படிச்ச மனிசி செய்யிற வேலையே இது? ரெண்டு நாளா நான் பைத்தியக்காரன் மாதிரித் திரியிறன், பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்!"

"கொண்டுவரக் கூடாது!" கௌரி கதவை மறித்து நின்றார். "ஒருக்கா வெளிக்கிட்டது திரும்பி வாசலுக்கு வந்தால் பயணம் முறிஞ்சுபோம். சொன்னால் நீங்கள் ஓடிப்போய் எடுப்பியள். சொல்லாட்டிப் போகமாட்டன் எண்டு நிக்கிறியள். நான் என்னத்தைச் செய்ய?"

"ஒரு நாளும் இல்லாமல் உமக்கு இப்ப என்ன பஞ்சாங்கம்?"

கௌரி கதவிலிருந்து கையை எடுத்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"கலியாணம் கட்டி இருவது வருஷம். ரெண்டு பேருமா வெளிக்கிட்ட பெரிய பயணம் ஒண்டே ஒண்டு. எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை. அண்டைக்கு ஆர் நாள் பார்த்தது? அடுப்பிலை சோறு கொதிக்கக் கொதிக்க வெளிக்கிட்டம். ஒரு கிழமையிலை வந்திடலாம் எண்டு சொல்லி வெள்ளவத்தை வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பொக்கற்றிலை போட்டியள். நாலு வருஷமாச்சு. அந்தத் திறப்பு இண்டைக்கும் உங்கடை லாச்சியிலை கிடக்கு." அவர் மூக்கை உறிஞ்சினார். "எனக்குப் பொஸ்ரன் பெரிசில்லை. போனால் திரும்பி வரவேணும். அவ்வளவுதான்."

ஆனந்தராசா தரையைப் பார்த்தார். வின்சென்ற் குறிப்புப் புத்தகத்தை மூடினான். பக்கத்துத் தெருவில் யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டது.

மகேசன் திரும்பி ரெலிபோனுக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு ஏஜென்சியின் இலக்கம் எழுதிய தாளை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"புஷ்பமலர், அந்தப் பையை இறக்கவேண்டாம்," என்றார். "முதல் பக்கத்திலை மட்டும் ஒரு திருத்தம். பகுரங்காவுக்கு இருவத்தைஞ்சு நிமிசம் கூட்டவேணும். நாளைக்கு அங்கை வந்து எழுதிறன்."

செல்வரத்தினம் விடைபெற எழுந்தார். மகேசன் அவரை நிற்கச் சொல்லிவிட்டு, இடுப்புச் சங்கிலியிலிருந்து இப்போதைய வீட்டின் திறப்பைக் கழற்றினார்.

"போனமுறை நான் திறப்பைக் கொண்டுபோன பிழை," என்றார் யாரையும் பார்க்காமல். "இந்தமுறை ஒண்டு இஞ்சை நிக்கட்டும். வின்சென்ற், பிடியும். புதன்கிழமை வந்து உம்மட்டை வாங்குவன்."

வின்சென்ற் கையை நீட்டினான்.

"பொறுங்கோ!" என்றார் கௌரி. குசினிக் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இப்ப குடாதேங்கோ. இன்னும் பத்து நிமிசம்."

அடிக்குறிப்போடு வாழும் மகேசன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். திறப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். மற்றவர்களும் அமர்ந்தார்கள். கௌரி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.