சாக்கு விரித்த ஐஸ் பெட்டி

மழை விட்டால் பஸ் வரும் என்றார்கள். மழையும் விடவில்லை... பஸ்ஸும் வரவில்லை.

கொக்கிளாய் கிளினிக் வாசலில் பிரேமிளா ஒரு சின்னக் குளிர்ப்பெட்டியை அணைத்தபடி நின்றாள். உள்ளே, தன் ஆய்வுக்காகக் கர்ப்பிணிகளிடம் காலையில் எடுத்த இரத்தம், சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில். ஐஸ் பொதிகள் உருகிவிட்டன.

"ஐஸ் வேணுமோ?"

திரும்பினாள். நனைந்த தலை, உப்புக்காற்றில் சிவந்த கண்கள். கேட்டுவிட்டு அவளைப் பார்க்கக் கூச்சப்பட்டு, மழையைப் பார்த்த கண்கள்... றொமேஸ். எட்டு மாதக் கர்ப்பிணியான தங்கை கம்சாவைக் கூட்டிவந்தவன். கம்சாவுக்குப் பிரஷர் கூடியிருந்தது.

பிடித்த மீனை ஐஸில் போட்டு வைக்கும் தன்னுடைய வாடி பக்கத்தில்தான் என்றான். பிரேமிளாவுக்கு இன்னும் சிலரிடம் கேள்விகள் கேட்க இருந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டாள்.

மழை தணிந்தபோதுதான் அவன் திரும்பிவந்தான். மூடியைத் திறந்தவள் உறைந்துபோனாள். விலைகூடிய இறாலைப் புதைப்பதுபோல, நொறுக்கிய ஐஸில் உப்புத் தூவி, அதற்குள் குழாய்களைப் புதைத்திருந்தான். இரத்தம் கட்டியாக இறுகிக் கிடந்தது. உறைந்தால் இரத்த அணுக்கள் வெடித்துவிடும். பிறகு அளப்பதெல்லாம் பொய்யாகிவிடும்.

"இரத்தமும் மீனும் ஒண்டெண்டு நினைச்சீங்களோ? விளங்காட்டிக் கேக்கிறதுக்கென்ன?"

வரிசையில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்டது. அவன் முகம் கறுத்தது. அந்த இரத்தத்தில் அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டான்.

அவளுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. சிங்க், செலினியம், செப்பு என்று உடம்பில் துளியளவு இருக்கும் சத்துக்களைப் பார்ப்பதாகச் சொன்னாள். நாம் இழுக்கும் மூச்சுக்காற்றே உள்ளே துருப்போல இரத்த நாடிகளை அரிக்கும். அதைத் தடுக்க இந்தச் சத்துக்கள் உதவும். இவை குறைந்த தாய்மாருக்குத்தான் பிரஷர் கூடுகிறதோ என்று தேடுகிறோம் என்றாள்.

"எங்கட எஞ்சினிலையும் சிங்க் கட்டி பூட்டுறனாங்கள். உப்புத்தண்ணி முதல்ல அதைத்தான் தின்னும்... எஞ்சின் தப்பும்."

"கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

முதன்முறையாக இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள். ஒரு கணம்தான்.

"அப்ப இதால கம்சா தப்புவாளோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

"இல்லை. அவவுக்கு உதவுறது பிரஷர் குளிசையும் ஆஸ்பத்திரியும்தான். இது பிறகு வாற தாய்மாருக்கு... அதுவும் இன்னும் நிச்சயமில்லை."

"அப்ப இனி என்ர தங்கச்சியின்ர கையைக் குத்த வேண்டாம்."

தங்கையைக் கூட்டிக்கொண்டு நடந்தான். பிரேமிளா சேற்றில் பின்னால் ஓடினாள். விடாத தலையிடி வந்தால், கண்ணுக்குள் மின்னினால், பொறுத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாள். அவன் திரும்பவில்லை.

பஸ்ஸில் அவளுக்குத் தன் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வளர்ந்த ஜெயபுரத்தில், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய அவளுடைய ஆட்களைத் 'தோட்டத்து ஆக்கள்' என்று ஒதுக்கிப் பேசியவர்களின் குரல் அது. இன்று அதே குரல் தன் வாயிலிருந்து...

அடுத்த கிழமை அவள் மாவட்ட ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. றொமேஸ் கம்சாவைத் தாங்கி இறக்கினான். அவளுடைய முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குள் மின்னுது என்று காலையில் சொன்னாளாம். தலைக்கு எண்ணெய் வைத்துப் படு என்று தாய் சூசையம்மா சொல்ல, கேளாமல் கொண்டு வந்துவிட்டான்.

வலிப்பு வராமலிருக்க ஊசி ஏற்றினார்கள். ஒப்பரேஷன் செய்ய முடிவானது. தாதி பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வந்தபோது கம்சா பிரேமிளாவைக் கண்டு கையை நீட்டினாள்.

"அண்டைக்கு எடுத்தது பழுதாப் போச்சாமே, அக்கா. உங்களுக்கும் எடுங்கோ... பிறகு வாறவைக்கெண்டாலும் உதவட்டும்."

பிரேமிளா அண்ணனைப் பார்த்தாள். சிவந்த கண்கள் நிறைந்திருந்தன. அவன் தலையசைத்தான்.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கைகளுக்குள் அடங்குகிற உடம்பு... ஆனால் அழுதது. கம்சாவும் பிழைத்துவிட்டாள். செய்தி வந்தபின் றொமேஸ் எங்கேயோ போனான். திரும்பிவந்தபோது கையில் ஓர் ஐஸ் பெட்டி. அவள் முன்னால் வைத்துத் திறந்தான். அடியில் ஐஸ், அதன்மேல் துவைத்து மடித்த சாக்கு. குழாய்களை நிறுத்தச் சாக்கின் மேல் இடம் விட்டிருந்தான்.

"இனி ஐஸ் குழாயில முட்டாது."

"அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது," என்றாள் பிரேமிளா. "எனக்கு அப்பிடிக் கதைச்சவையை நான் மறக்கேல்லை. நீங்களும் மறக்க மாட்டீங்கள்..."

அவன் வெளியே பார்த்தான். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"உங்களைக் குறைவா நினைச்சு நான் அந்தக் குழாயளை ஐஸுக்குள்ள புதைக்கேல்லை. பெறுமதியானதை அப்பிடித்தான் வைக்கிறனாங்கள். வேற மாதிரி வைக்க எனக்குத் தெரியாது..."

நிறுத்தினான். பிறகு, மழையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"உங்களை எப்பிடி வைச்சுப் பாக்கிறதெண்டும் தெரியாது, பிரேமிளா. ஆனா பத்திரமா வைச்சுப் பாக்க விருப்பம்."

கம்சாவின் இரத்தம் இருந்த குழாயை அவள் சாக்கின்மேல் மெல்ல நிறுத்தினாள்.  

"கேட்டுக் கேட்டு வையுங்கோ," என்றாள். "நான் சொல்லித் தாறன்."